லக்ஸருக்குப் போகலாம்: முதல்முறை முழுச் சூரிய கிரகணம் காணக் கிளம்புகிறவர்களுக்கு

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை. நம் நாட்காட்டியில் அது ஆடி மாத அமாவாசை. அன்று பகல் ஒரு மணி தாண்டி இரண்டு நிமிடம் ஆகும்போது எகிப்தின் லக்ஸர் நகரத்துக்கு மேலே சூரியன் முழுதாக மறையும். மறைந்தபடியே சுமார் 6 நிமிடம் 20 விநாடி இருக்கும். பெரும்பாலான முழுக் கிரகணங்கள் இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். இதைவிட நீளமான ஒன்று அடுத்து வருவது 2114ஆம் ஆண்டில்தான்.

முழுக் கிரகணம் காண நான் இதுவரை இரண்டு முறை பயணம் போயிருக்கிறேன். 2009 ஜூலை 22 காலை பீகாரில், பாட்னாவுக்குப் பக்கத்தில் உள்ள தரேகனாவில் பெருங்கூட்டத்தோடு நின்றேன். மழைக்கால மேகம் வானத்தை மூடியிருந்தது. விடிந்த பொழுது திடீரென்று இருண்டது, பறவைகள் கத்தின, மறுபடி விடிந்தது. சூரியனைப் பார்க்கவே இல்லை. 2024 ஏப்ரல் 8 அன்று அமெரிக்காவின் டாலஸில், தம்பி வீட்டுப் புல்வெளியில், ஓடிக்கொண்டிருந்த மேகங்களின் இடைவெளியில் அது கிடைத்தது. நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரத்தில் என் தம்பி மகள் என் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தாள் என்பது அப்புறம்தான் எனக்கே உறைத்தது. இந்த இரண்டு பயணங்களிலும் கற்றுக்கொண்டதை வைத்து 2027க்கான வழியை எழுதுகிறேன். முதன்முதலாகப் போகிறவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன்.

முதல் படி: நிழலுக்குள் போயே ஆக வேண்டும் என்று முடிவெடுங்கள்

2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், கரூர், கோயம்புத்தூர் பக்கம் இருந்தவர்கள் வளையக் கிரகணத்தைப் பார்த்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் அதே நாளில் பார்த்தவர்கள் உண்டு. “அதான் பார்த்தாச்சே, இதற்கு எகிப்து வரைக்கும் போகணுமா?” என்று அவர்களில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அது அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வளையக் கிரகணத்தில் நிலா தூரத்தில் இருக்கும், அதனால் சிறிதாகத் தெரியும், சூரியனை முழுக்க மூடாது. மிஞ்சுகிற வளையத்தின் வெளிச்சமே கண்ணைக் கூசவைக்கும். கண்ணாடியைக் கழற்ற முடியாது.

கணக்காகச் சொன்னால் விளங்கும். சூரியன் முழுநிலவைப் போல ஏறத்தாழ நான்கு லட்சம் மடங்கு பிரகாசம். 99 விழுக்காடு மறைந்து ஒரே ஒரு விழுக்காடு மிஞ்சினாலும் நாலாயிரம் முழுநிலவு வெளிச்சம் இருக்கிறது என்று பொருள். சூரியனைச் சுற்றியிருக்கும் கொரோனா என்கிற வெண்ணிற ஒளிமண்டலத்தின் மொத்த வெளிச்சமோ ஒரு முழுநிலவு அளவுதான். ஆகவே கடைசித் துளிச் சூரியன் மறைகிற வரை கொரோனாவும் தெரியாது, பகலில் நட்சத்திரமும் தெரியாது, இருட்டும் வராது. அந்த ஒரு விழுக்காட்டைக் கடக்கத்தான் இந்தப் பயணம்.

நிலாவின் நிழல் தரையில் ஓடுகிற தடத்துக்கு, அதாவது நிழல் பாதைக்கு வெளியே, “பக்கத்தில்தானே” என்று நின்றுவிடாதீர்கள். கெய்ரோ பாதைக்கு வெளியே இருக்கிறது. செங்கடல் ஓரத்து உல்லாச நகரமான ஹுர்காதாவும் வெளியேதான். விமானம் கெய்ரோவில் இறங்குகிறது, அங்கேயே பார்த்துக்கொள்ளலாம் என்று தங்கிவிட்டால் வெறும் பகுதிக் கிரகணத்துக்காக அத்தனை தூரம் போனதாக ஆகிவிடும்.

ஏன் லக்ஸர்?

நிழலின் பாதை அட்லாண்டிக் கடலில் தொடங்கி ஸ்பெயினின் தென்முனை, மொராக்கோவின் வடக்கு, அல்ஜீரியா, துனிசியா, லிபியா, எகிப்து, சவூதி அரேபியா, ஏமன், சோமாலியா வழியாகப் போய் இந்தியப் பெருங்கடலில் முடிகிறது. பாதையின் அகலம் அதிகபட்சம் சுமார் 258 கிலோமீட்டர். இத்தனை நாடுகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இரண்டே கேள்விகளில் முடித்துவிடலாம்: எத்தனை நிமிடம் கிடைக்கும்? வானம் திறந்திருக்குமா?

ஸ்பெயினின் மலாகாவில் இரண்டு நிமிடம்கூட நிற்காது. ஜிப்ரால்டர் நீரிணையை ஒட்டிய ஊர்களில் நான்கு நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். ஆனால் கடலோரத்தில் தாழ்ந்த மேகமும் மூடுபனியும் வரக்கூடும். லிபியாவிலும் ஏமனிலும் பாதை நன்றாகவே இருக்கிறது, ஆனால் குடும்பத்தோடு போகிற இடங்கள் இல்லை. கிரகணத்தின் உச்சப்புள்ளி லக்ஸருக்குத் தென்கிழக்கே சற்றுத் தள்ளி விழுகிறது. அங்கே 6 நிமிடம் 23 விநாடி, லக்ஸரில் அதைவிடச் சில விநாடிகள்தான் குறைவு. ஆகஸ்டில் மேல் எகிப்து எனப்படும் தெற்கு எகிப்தில் மேகம் என்பதே அரிது. தரேகனாவில் மழைக்காலத்தை நம்பி நின்றவன் சொல்கிறேன்: ஒரு நிமிடம் கூடுதலாகக் கிடைக்கிற மேகமூட்ட ஊரைவிட, நிமிடம் குறைந்தாலும் வானம் திறந்திருக்கும் ஊரே மேல். லக்ஸரில் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன.

சவூதியில் வேலை செய்கிற நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜித்தாவும் மக்காவும் பாதைக்குள்ளேயே இருக்கின்றன. ஜித்தாவில் ஏறத்தாழ ஆறு நிமிடம். நீங்கள் எங்கும் போக வேண்டாம், அன்று மதியம் விடுப்பு மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து அண்ணன், தம்பி யாராவது வரமுடியுமென்றால் இப்போதே பேசிவையுங்கள்.

இரண்டாம் படி: தங்குமிடம் முதலில், விமானம் பிறகு

மற்ற பயணங்களில் சீட்டு எடுத்துவிட்டு அறை தேடுவோம். கிரகணப் பயணத்தில் அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். பாதைக்குள் இருக்கிற அறைகள்தான் முதலில் தீரும். விமானம் எப்படியும் ஏதாவது ஒரு வழியில் கிடைத்துவிடும். உலகம் முழுவதிலுமிருந்து கிரகணம் தேடிப் போகிறவர்கள் பல வருடங்களுக்கு முன்பே பதிவு செய்கிறவர்கள். லக்ஸரில் இடமில்லை என்றால் மனம் தளர வேண்டாம். தெற்கே நைல் ஓரமாக உள்ள எஸ்னா, எட்ஃபு இரண்டும் பாதைக்குள்தான். செங்கடல் ஓரத்தில் மர்ஸா ஆலமும் அப்படியே.

அறை உறுதியானதும் அதை எழுத்தில் வாங்குங்கள். தேதி, நபர் எண்ணிக்கை, விலை, ரத்து விதி நான்கும் அதில் இருக்க வேண்டும். டாலஸ் பயணத்தில் என் நண்பர் குடும்பத்துக்கு ஒரு விடுதி கடைசி வாரத்தில் பதிவை ரத்து செய்து அதே அறையை அதிக விலைக்குக் கொடுத்துவிட்டது. அவர்கள் காரிலேயே இரவைக் கழித்தார்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அழைத்து உறுதி செய்துகொள்வது அந்த அனுபவத்தில் வந்த பழக்கம்.

நைல் நதிச் சொகுசுப் படகில் போகிறவர்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்: “ஆகஸ்ட் 2 முற்பகல் பதினொன்றிலிருந்து பிற்பகல் மூன்று வரை படகு எந்த ஊரில் கட்டியிருக்கும்?” லக்ஸருக்கும் அஸ்வானுக்கும் நடுவில் எங்காவது என்று மழுப்பினால் விட்டுவிடுங்கள். சுற்றுலாக் குழுவோடு போவதானாலும் இதே கேள்வி. அழகான கோயில் படங்கள் போட்ட விளம்பரத்தில் நிழல் பாதையைப் பற்றி ஒரு வரி இல்லாமல் இருக்கலாம்.

தேதிகளை இப்படி வைத்துக்கொள்ளலாம். ஜூலை 31 மாலைக்குள் லக்ஸரில் இருந்துவிடுங்கள். ஒரு விமானம் தவறினாலும் மறுநாள் ஒன்றைப் பிடிக்க அவகாசம் இருக்கும். ஆகஸ்ட் 2 இரவே திரும்பும் திட்டம் போடாதீர்கள். அத்தனை பேரும் அதே இரவில் கிளம்புவார்கள். 3ஆம் தேதி மாலையோ 4ஆம் தேதியோ நிம்மதியாகக் கிளம்பலாம்.

சென்னையிலிருந்து துபாய், தோஹா, அபுதாபி போன்ற வளைகுடா நகரம் வழியாகக் கெய்ரோ போவது வழக்கமான வழி. கெய்ரோவிலிருந்து லக்ஸருக்கு உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரம். ரயிலில் போனால் பத்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், நைல் ஓரத்து வயல்கள் வழிநெடுக வரும். போகும்போது விமானம், திரும்பும்போது ரயில் என்பது என் விருப்பம். போகும்போதுதானே நேரம் தவறக்கூடாது.

கடவுச்சீட்டில் பயணத் தேதிக்குப் பிறகு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடிக்காலம் இருக்க வேண்டும். விசா விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, இந்தியருக்கு ஒன்று, இலங்கையருக்கு ஒன்று, சிங்கப்பூரருக்கு ஒன்று. எகிப்துத் தூதரகத்தின் தளத்தில் நேரடியாகப் பார்த்துவிடுங்கள். பயணம் போய்வந்த சொந்தக்காரர் சொன்னதை நம்ப வேண்டாம்.

மூன்றாம் படி: எங்கே நிற்பது?

லக்ஸரின் பழைய கர்னக் கோயிலின் பெருந்தூண்களுக்கு நடுவே நின்று கிரகணம் பார்க்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை வரும். எனக்கும் உண்டு. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்த நேரத்தில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே, 82 பாகையில் இருக்கும். தூணும் சூரியனும் ஒரே பார்வையில் சேராது. சுற்றிலும் சுவர் இருந்தால் அடிவானமும் தெரியாது. அடிவானம் முக்கியம், ஏனென்றால் நிலாவின் நிழல் வடமேற்கிலிருந்து வரும், மணிக்குச் சுமார் 2,400 கிலோமீட்டர் வேகத்தில். திறந்த வெளியில் நின்றால் அது ஒரு பெரும் மழைமேகம்போல ஓசையின்றி ஏறி வருவதைப் பார்க்கலாம். நிழலுக்குள் வந்த பிறகு எல்லாத் திசைகளிலும் அடிவானத்தில் அந்தி நிறம் படரும். நிழலுக்கு வெளியே உள்ள ஊர்களின் பகல் வெளிச்சம்தான் அது.

நைலின் கிழக்குக் கரையில் ஆற்றைப் பார்த்த மொட்டைமாடியோ தோட்டமோ கிடைத்தால் அதைவிட நல்ல இடம் தேவையில்லை. மேற்கே ஆறு, அதற்கு அப்பால் அரசர் பள்ளத்தாக்கின் செம்மண் நிற மலைகள். மேற்குக் கரையில் தங்குகிறவர்களுக்கு மலை நெருக்கமாக இருக்கும், மாடி உயரமாக உள்ள விடுதியாகப் பாருங்கள். எங்கே நின்றாலும் ஐம்பது அடிக்குள் நிழல், குடிநீர், கழிப்பறை மூன்றும் வேண்டும். வயதானவர்களோடு போனால் இது கிரகணத்தைவிட முக்கியம்.

வெயில்

இந்தப் பயணத்தின் உண்மையான ஆபத்து கண்ணில் இல்லை, உடம்பில் இருக்கிறது. லக்ஸரில் ஆகஸ்ட் மாத நண்பகல் சாதாரணமாகவே 40 பாகை செல்சியஸைத் தாண்டும். “வேலூர் வெயிலைப் பார்க்காததா” என்று நினைக்காதீர்கள். அது வறண்ட பாலைவன வெயில், வியர்வை தோலில் நிற்காமல் காய்ந்துவிடும், உடம்பில் நீர் குறைவதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் அரைமணிக்கு ஒருமுறை குடியுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களை ஆளுக்கு நான்கு வீதம் ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, குடை, ஈரத்துண்டு. இரத்த அழுத்தம், சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்கள் கிளம்புமுன் மருத்துவரிடம் வெயிலைப் பற்றிக் கேளுங்கள், சில மாத்திரைகள் உடம்பின் நீரை இறக்கும்.

முந்தைய இரண்டு நாள்களில் கோயில்களையும் கல்லறைகளையும் காலை ஆறு மணிக்குப் போய்ப் பத்து மணிக்குள் அறைக்குத் திரும்பிவிடுங்கள். ஆகஸ்ட் 1 அன்று ஊர் சுற்றவே வேண்டாம் என்பேன். உணவில் நமக்குச் சிரமமில்லை. ஃபூல் என்று மொச்சைப்பயறு கடைசல், தஃமிய்யா என்று அதே பயறில் சுட்ட வடை, சோறும் பயறும் கலந்த குஷரி, மூன்றும் சைவம்தான். தெருவோரத்தில் பச்சையாக நறுக்கிய காய்களை மட்டும் கிரகணம் முடியும்வரை தவிருங்கள். வயிறு கெட்டுக் கழிப்பறையில் இருக்கும்போது ஆறு நிமிடம் கடந்துவிடக் கூடாது.

கண்

விழித்திரைக்கு வலி தெரியாது. சூரியனை வெறும் கண்ணால் பார்த்து அது சுடப்பட்டாலும் அப்போது ஒன்றும் உறைக்காது, சில மணி நேரம் கழித்துப் பார்வையின் நடுவில் ஒரு மங்கல் தெரியும். அதனால்தான் இதில் விளையாட்டு கூடாது.

ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக்குறி உள்ள கிரகணக் கண்ணாடியை நம்பிக்கையான விற்பனையாளரிடம் வாங்குங்கள், ஆளுக்கு இரண்டு. வீட்டுக்குள் போட்டுப் பார்த்தால் எதுவுமே தெரியக்கூடாது. சுவரோ ஜன்னலோ மங்கலாகத் தெரிந்தால்கூடத் தூக்கிப்போடுங்கள். கீறலோ ஓட்டையோ இருந்தாலும் அப்படியே. எக்ஸ்ரே பிலிம், குறுந்தகடு, கறுப்புக் கண்ணாடி, தட்டில் மஞ்சள் நீர் ஊற்றிப் பிம்பம் பார்ப்பது ஆகிய எதுவும் பாதுகாப்பு தராது. வெல்டிங் கண்ணாடி என்றால் 14ஆம் எண் மட்டும். கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் பார்ப்பது மிகவும் ஆபத்து, குவிந்த வெப்பம் அதை நொடியில் பொசுக்கிவிடும். பைனாகுலருக்கும் தொலைநோக்கிக்கும் வடிகட்டி முன்பக்கத்தில், சூரியனைப் பார்க்கும் பக்கத்தில் மாட்டப்பட வேண்டும்.

இதன் மறுபாதியைச் சொல்ல மறக்கிறவர்கள் நிறைய. சூரியன் முழுதும் மறைந்த அந்த ஆறு நிமிடம் வெறும் கண்ணால்தான் பார்க்க வேண்டும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே இருந்தால் கும்மிருட்டைத் தவிர எதுவும் தெரியாது. பயத்தில் கண்ணாடியைக் கழற்றாமலே முழு மறைப்பையும் தவறவிட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். கடைசி ஒளித்துளி அணைந்ததும் கழற்றுங்கள், மறுபக்கத்தில் முதல் ஒளித்துளி வெடித்ததும் போடுங்கள். கைபேசியில் ஐந்தரை நிமிடத்துக்கு ஒரு மணி வைத்துவிட்டால் போதும், அது அடித்ததும் கண்ணாடியைக் கையில் எடுத்துத் தயாராகிவிடலாம்.

பெட்டியில் என்னென்ன?

நிமிர்ந்து உச்சிவானத்தைப் பத்து நிமிடம் பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். படுத்துப் பார்ப்பதுதான் சரி. சுருட்டி எடுத்துப்போகும் கோரைப்பாய், காற்றூதும் சிறு தலையணை. வெள்ளை நாலு முழ வேட்டி ஒன்று. முழு மறைப்புக்கு ஓரிரு நிமிடம் முன்னும் பின்னும் தரையில் மெல்லிய நிழல் கோடுகள் அலையலையாக ஓடும், குளத்தின் அடியில் வெயில் நெளிவதுபோல. மணல் தரையில் அது கண்ணுக்குப் படாது, விரித்த வெள்ளைத் துணியில் படும். எல்லாக் கிரகணத்திலும் தெரியும் என்று சொல்ல முடியாது, தெரிந்தால் விடக்கூடாது.

பூந்திக் கரண்டி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பகுதி மறைப்பு நடக்கும்போது அதை உயரத் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொரு துளையும் வேட்டியில் ஒரு பிறைச் சூரியனை வரையும். பிள்ளைகள் அதை விட்டு நகரமாட்டார்கள். சிறு பைனாகுலர் இருந்தால் முழு மறைப்பின்போது மட்டும், வடிகட்டி இல்லாமல், கொரோனாவைப் பாருங்கள். நிலாவின் கறுப்பு விளிம்பில் இளஞ்சிவப்பில் சிறு தீநாக்குகள் தெரியும். 1868 ஆகஸ்ட் 18 அன்று இவற்றை நிறமாலைமானியில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவியில், ஆராயத்தான் பிரான்சிலிருந்து ஜான்சன் என்ற அறிஞர் நம் பக்கத்துக் குண்டூருக்கு வந்து இறங்கினார். அந்தக் கிரகணத்தில் பதிவான மஞ்சள் கோடுதான் பின்னால் ஹீலியம் என்ற தனிமத்தைக் காட்டிக்கொடுத்தது. அன்று அவர்கள் கப்பலில் இங்கே வந்தார்கள், இன்று நாம் விமானத்தில் அங்கே போகிறோம்.

புகைப்படம்

முதல் கிரகணத்தில் எடுக்காதீர்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். கொரோனாவின் நல்ல படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், உங்கள் கண் பார்த்தது மறுபடி கிடைக்காது. டாலஸில் முதல் ஒரு நிமிடத்தைக் கேமராவின் பொத்தான்களோடு செலவழித்துவிட்டேன். நான்கில் ஒரு பங்கு போயிற்று. ஏதாவது வேண்டுமென்றால் கைபேசியை ஒரு தாங்கியில் நிறுத்தி, உங்கள் குடும்பத்தை நோக்கி வைத்து, பத்து நிமிடம் முன்பே காணொளியை ஓடவிட்டு மறந்துவிடுங்கள். ஃபிளாஷ் அணைத்திருக்கிறதா என்று முந்தைய இரவே சரிபாருங்கள். ஒருவர் கைபேசியின் வெளிச்சம் சுற்றியிருப்பவர் அனைவரின் இருட்டையும் கெடுக்கும். கைபேசிக்கும் வெயில் ஆகாது, சூடேறி அணைந்துவிடும், அதற்கும் ஒரு துண்டு நிழல் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களிடம்

கிரகணத்தன்று வெளியே போகாதே என்று வளர்ந்தவர்கள் நாம். அதிலும் இது ஆடி அமாவாசை. முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கும் குடும்பத்தில் அப்பா ஊரில் இல்லாமல் போவது எளிதான விஷயமில்லை. வாக்குவாதம் வேண்டாம், முன்கூட்டியே பேசுங்கள். தர்ப்பணத்தை லக்ஸரில் விடியற்காலையில் அறையிலேயே செய்ய ஏற்பாடு செய்துகொண்டு கிளம்புகிற ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், எள்ளும் தர்ப்பையும் பெட்டியில் போகிறது. கிரகண நேரத்தில் சாப்பிடாத வழக்கம் உள்ளவர்கள் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள், தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். அந்த வெயிலில் மூன்று மணி நேரம் நீர் இல்லாமல் இருப்பது ஆகாது. கர்ப்பிணிகளைக் கிரகணம் ஒன்றும் செய்யாது. ஆனால் 40 பாகை வெயிலும் நீண்ட பயணமும் செய்யும், மருத்துவர் சொன்னால் மட்டும் போகலாம்.

கிரகணம் விட்டதும் ஆற்றில் முழுக்குப் போடுவது நம் பழக்கம். நைலில் வேண்டாம். அந்த நீரில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி உண்டு, தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். அறையில் குளித்துக்கொள்ளலாம்.

உள்ளூர் முஸ்லிம்கள் பலர் அந்த நேரத்தில் கிரகணத் தொழுகையில் இருப்பார்கள். பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் நிற்க நேர்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள்.

அன்று, நேரப்படி

லக்ஸர் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால். அங்கே பகல் ஒன்று ஐந்து என்றால் இங்கே பிற்பகல் மூன்று முப்பத்தைந்து. ஊரில் இருப்பவர்களை அப்போது அழைக்காதீர்கள், நீங்கள் வானத்தைப் பாருங்கள்.

பத்து மணிக்குள் இடத்தைப் பிடித்துப் பாயை விரியுங்கள். பதினொன்றரை மணிக்கு மேல் நிலா சூரியனைத் தொடத் தொடங்கும், ஓரத்தில் யாரோ ஒரு கடி கடித்ததுபோல. அதைப் பார்த்துவிட்டு நிழலுக்குள் போய்விடுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் வெயிலில் நிற்க எந்தக் காரணமும் இல்லை, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் போதும். இந்த நேரத்தில் எல்லோரும் ஒருமுறை கழிப்பறை போய்வந்துவிட வேண்டும்.

பன்னிரண்டே முக்காலுக்கு வெளியே வாருங்கள். வெளிச்சம் ஏற்கெனவே மாறியிருக்கும். அந்தியின் பொன்னிறம் அதில் இருக்காது, சாம்பல் பூசிய வெள்ளியாக இருக்கும். நிழல்களின் விளிம்பு கத்தியாகக் கூர்ந்திருக்கும், உங்கள் கை நிழலில் மயிர்க்கால்கூடத் தெரியும். வெப்பம் இறங்குவது தோலில் படும். பேரீச்சை மரங்களில் பறவைகள் அடைய வரும்.

ஒரு மணி. வடமேற்கைப் பாருங்கள், இருட்டு ஏறிவரும். வேட்டியைப் பாருங்கள். பிறகு கண்ணாடியோடு மேலே. பிறை நூலாகும், நூல் அறுந்து மணிமணியாகும், அது நிலாவின் பள்ளத்தாக்குகள் வழியாகக் கசியும் கடைசி ஒளி. ஒரே ஒரு மணி மிஞ்சி வைர மோதிரமாக மின்னும். அது அணையும். இப்போது கண்ணாடியைக் கழற்றுங்கள்.

அதன்பின் என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்கு நானோ வேறு யாரோ சொல்ல வேண்டியதில்லை. ஆறு நிமிடம் நீளமானது, ஒருமுறை மட்டும் பார்வையை இறக்கிச் சுற்றிலும் அடிவானத்தைப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பாருங்கள், மறுபடி மேலே. சூரியனுக்கு அருகிலேயே வெள்ளிக்கோள் மின்னும். ஐந்தரை நிமிட மணி அடிக்கும். ஓரத்தில் இளஞ்சிவப்பு வளைவு தடிக்கத் தொடங்கினால் நேரம் முடிகிறது, பைனாகுலரைக் கீழே வையுங்கள். இரண்டாவது வைரம் வெடிக்கும்போது பெரும்பாலும் கூட்டமே கூவும், சிலர் அழுவார்கள்.

கண்ணாடியைப் போடுங்கள். உடனே ஓடாதீர்கள், சாலை நெரியும். பகுதி மறைப்பு பிற்பகல் இரண்டரை வரை நீடிக்கும், அதுவரை நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். பார்த்ததை ஒரு காகிதத்தில் எழுதிவையுங்கள், மூன்றாம் நாளே விவரங்கள் கரையத் தொடங்கும்.

மிஞ்சிய கண்ணாடிகளை உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். 2028 ஜூலை 22 பிற்பகல் சிட்னி நகரமே நிழலுக்குள் போகிறது, நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. அங்கே நம் சொந்தங்கள் இல்லாத ஊர் தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ குறைவு. வீட்டில் இடம் உண்டா என்று லக்ஸரிலிருந்தே ஒரு செய்தி அனுப்பிவையுங்கள்.